கைப்பேசிச் செயலியின் குணமும் குற்றமும்

ஒரு கருவியின் சிறப்பை அதனைச் செய்தவன் சொல்லக் கேட்டு அறிதல் அரிது. அதனைக் கையாள்பவன் கையில் வைத்துக் காண்பதே முறை. பால்மரம் சீவும் கத்தி எவ்வளவு கூர்மையானது என்று பட்டறைக்காரன் கூறலாம். ஆயின் பட்டையை வேண்டிய ஆழத்திற்குச் சீவுகிறதா, கை நோகாமல் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவ உதவுகிறதா என்பதை விடியற்காலையில் தோட்டத்தில் நிற்கும் தொழிலாளியே அறிவான். இவ்வுண்மை கத்திக்கு மட்டும் உரியதன்று. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பையிலும் குடிகொண்டிருக்கும் கைப்பேசிக்கும், அதனுள் இயங்கும் செயலிகளுக்கும் இஃது ஒக்கும்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் மளிகைக் கடைக்குப் பணம் செலுத்துவதும், மருத்துவமனைக்குச் செல்லும் நாளைக் குறிப்பதும், பள்ளிச் செய்தியைப் பெற்றோர் பெறுவதும் செயலிகளின் வழியே நடைபெறுகின்றன. ஆகவே ஒரு செயலி எளிதாக அமைந்ததா, அரிதாக அமைந்ததா என்னும் வினா பொறியாளர்க்கு மட்டும் உரிய வினாவாக இல்லை. அதனைத் தமிழில் பயன்படுத்த இயலுமா என்னும் வினாவோ தமிழாசிரியர்க்கும் தமிழன்பர்க்கும் நேரே உரியதாகும்.

சொல்லும் பொருளும்

செயலியை ஆராயும் துறையில் இரண்டு சொற்கள் அடிக்கடி வழங்கும். ஒன்று பயன்பாட்டெளிமை, மற்றொன்று பயனர் பட்டறிவு. இரண்டும் ஒன்று போலத் தோன்றினும் வேறுபாடு உண்டு.

பயன்பாட்டெளிமைக்கு உலகத் தர அமைப்பு வகுத்த இலக்கணம் ஒன்று உள்ளது. 9241 என்னும் எண் கொண்ட தர வரிசையின் 11ஆம் பகுதி, 1998இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட மக்கள், குறிப்பிட்ட நோக்கத்தை, குறிப்பிட்ட சூழலில் எய்தும்போது மூன்று தன்மைகளை அளக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதலாவது, எண்ணிய செயல் முடிந்ததா என்பது. இரண்டாவது, அதற்கு எவ்வளவு காலமும் உழைப்பும் செலவாயின என்பது. மூன்றாவது, செய்தவர்க்கு மனநிறைவு உண்டாயிற்றா என்பது.

இங்கே ‘குறிப்பிட்ட’ என்னும் அடைமொழி மூன்று முறை வருவதைக் கருதிப் பார்க்க வேண்டும். எளிமை என்பது பொருளில் தனியே ஒட்டியிருக்கும் பண்பன்று. ஆளும் பணியும் இடமும் மாறினால் அதுவும் மாறும். இருபது வயது இளைஞர்க்கு எளிதான செயலி எழுபது வயது மூதாட்டிக்கு அரிதாகலாம். வீட்டில் அமர்ந்து பார்க்கும்போது எளிதானது, கொமுட்டர் இரயிலில் ஒரு கையால் கம்பியைப் பற்றி நிற்கும்போது அரிதாகலாம்.

பயனர் பட்டறிவு இதனினும் விரிந்தது. செயலியைத் தொடுமுன் இருந்த எதிர்பார்ப்பு, தொட்டபோது எழுந்த உணர்வு, விட்டபின் நெஞ்சில் நின்ற எண்ணம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். வேலை முடிந்தும் வெறுப்பு மிஞ்சுமானால், எளிமை இருந்தும் பட்டறிவு கெட்டது எனலாம்.

கைப்பேசிக்கெனவே 2013இல் ஹாரிசன், ஃபிளட், டியூஸ் என்னும் ஆய்வாளர் மூவர் ஓர் அமைப்பை வகுத்தனர். மேற்கூறிய மூன்றோடு, கற்கும் எளிமை, நினைவில் நிற்றல், பிழை, மனச்சுமை என்னும் நான்கினையும் சேர்த்து ஏழாக்கினர். மனச்சுமையைச் சேர்த்தது பொருத்தமே. கணினியின் முன் அமர்பவர் பெரும்பாலும் அதையே செய்கிறார். கைப்பேசியை ஏந்தியவரோ நடக்கிறார், பேசுகிறார், பிள்ளையைக் கவனிக்கிறார்.

நன்னூல் அறிந்த நெறி

குற்றங்களைப் பட்டியலிட்டு, அப்பட்டியலைக் கொண்டு ஒரு படைப்பை ஆராயும் முறை தமிழர்க்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் தொகுத்துக் கூறுவதை ஆசிரியர் அனைவரும் அறிவர். ரால்ஃப் மோலிச், யாக்கோப் நீல்சன் என்னும் டென்மார்க்கு நாட்டறிஞர் இருவர் 1990இல் திரையமைப்பை ஆராயும் நெறிகளைத் தொகுத்தனர். அவற்றை 1994இல் நீல்சன் திருத்தியபோது அவையும் பத்தாகவே அமைந்தன.

எண்ணின் ஒற்றுமை தற்செயலானது. பொருளின் ஒற்றுமையோ எண்ணத்தக்கது. பணம் சென்றதா இல்லையா என்று சொல்லாமல் சுழலும் வட்டத்தை மட்டும் காட்டி நிற்கும் திரை, குன்றக் கூறல் என்னும் குற்றம் உடையது. விளம்பரமும் வாழ்த்தும் பரிசு அறிவிப்பும் நிறைந்து, வேண்டிய பொத்தானை மறைக்கும் திரை, மிகைபடக் கூறுவது. ஓரிடத்தில் ‘சேமி’ என்றும் வேறோரிடத்தில் ‘பதிவு செய்’ என்றும் ஒரே செயலுக்கு இரு பெயர் தருவது மாறுகொளக் கூறலின்பாற்படும்.

மயங்க வைத்தலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பயனர் ஒரு பதிவை நீக்க விரும்புகிறார். ‘பதிவை ரத்துச் செய்யவா?’ என்று செயலி வினவுகிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: ‘சரி’, ‘ரத்து’. இப்போது எதை அழுத்துவது? ‘ரத்து’ என்பது பதிவை நீக்குமா, நீக்கும் எண்ணத்தை நீக்குமா? ‘ஆம், நீக்குக’ என்றும் ‘வேண்டா, இருக்கட்டும்’ என்றும் எழுதியிருந்தால் மயக்கம் எழுந்திராது. இத்தகைய குற்றத்தைக் காணப் பொறியியல் அறிவு வேண்டுவதில்லை; மாணவர் கட்டுரையைத் திருத்திப் பழகிய கண்ணே போதும்.

தட்டச்சுப் பொறியிலிருந்து தொடுதிரைக்கு

தமிழில் பயன்பாட்டெளிமை பற்றிய சிந்தனை கைப்பேசிக்கு முற்பட்டது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயா நாட்டின் வழியே சிங்கப்பூர் சென்று பணியாற்றிய ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்த முன்னோடி. 247 எழுத்துகளை ஒரு சிறு பொறிக்குள் அடக்குவது எப்படி என்பதே அவர்முன் நின்ற சிக்கல். அடித்தபின் தாள் நகராத ‘நகரா விசை’யை அவர் கையாண்டார். புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், தாள் நகராது, பின்னர் ‘க’வை அடித்தால் ‘க்’ கிடைக்கும். எழுதும்போது எழுத்து முன்னும் புள்ளி பின்னும் வரும். பொறியிலோ முறை தலைகீழாயிற்று. அக்காலத்து இரும்புப் பொறியில் மனிதன் பொறியின் ஒழுங்கிற்குப் பணிய வேண்டியிருந்தது.

கணினி வந்தபின் அந்தக் கட்டாயம் நீங்கியது. சென்னையில் 1999இல் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை தரமாக ஏற்கப்பட்டது. இதில் உயிரெழுத்துகள் இடக்கை பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கை பக்கமும் அமைந்தன. ‘க’வும் ‘இ’யும் சேர்ந்தால் ‘கி’. ஒரே எழுத்தை இருமுறை அடித்தால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். ‘ங’வை அடுத்துக் ‘க’ வந்தாலும் அவ்வாறே. உயிரும் மெய்யும் புணரும் இலக்கணமே இங்கு விசைகளின் இயக்கமாயிற்று.

இவ்வரலாற்றில் கிள்ளான் வட்டாரத்திற்கும் பங்கு உண்டு. கேரித் தீவைச் சேர்ந்த தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மைந்தர் முத்து நெடுமாறன், 1980களின் நடுவிலிருந்து கணினித் தமிழில் உழைத்து ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கென அவர் அமைத்த ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டுப் பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அக்காலத்துக் கைப்பேசிகளில் தொடுதிரை இல்லை. எண் விசைகளே இருந்தன. பின்னர்த் தொடுதிரைக் கைப்பேசிகளுக்கும் அது விரிந்தது. தமிழ்99 விசைமுகமும், ஒலியை உரோம எழுத்தில் தட்டித் தமிழைப் பெறும் அஞ்சல் விசைமுகமும் அதில் இடம்பெற்றன.

இரு விசைமுகங்கள்: ஓர் ஒப்பீடு

இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் வழக்கு தமிழன்பர் நடுவே நெடுநாளாக நடைபெறுகிறது. பற்றினால் தீர்ப்பளிப்பதை விடுத்து அளந்து பார்த்தால் என்ன தெரியும்?

‘அம்மா’ என்னும் சொல்லைக் கொள்வோர், தமிழ்99இல் அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்களில் முடிப்பர். அஞ்சலில் ஐந்து வேண்டும். ‘கிள்ளான்’ என்னும் ஊர்ப்பெயர்க்குத் தமிழ்99இல் க, இ, ள, ள, ஆ, ன, புள்ளி என ஏழு தட்டல்கள். அஞ்சலில் எழுத்துகளுக்கு ஏழும், ளகரத்தைப் பெறப் பெரிய எழுத்துக்கு மாற இருமுறை அழுத்துவதும் சேர்ந்து ஒன்பது. சொல்லை முன்கூட்டி ஊகித்துத் தரும் வசதியைக் கணக்கில் கொள்ளாவிடின், தட்டல் எண்ணிக்கையில் தமிழ்99க்கே வெற்றி.

ஆயின் வழக்கு இத்துடன் முடியவில்லை. கணினியில் உள்ள தமிழ்99 அடுக்கில் மேல் வரிசைக்கு 12 விசைகள். உரோம விசைமுகத்தில் 10. திரையின் அகலம் 6.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், உரோம விசை ஒவ்வொன்றுக்கும் 6.5 மி.மீ. கிடைக்கும்; தமிழ்99 அடுக்கை அப்படியே அமைத்தால் ஏறத்தாழ 5.4 மி.மீ.தான். தொடும் இடம் 9 மி.மீ. அளவேனும் இருத்தல் நன்று என்பது கூகிள் நிறுவனம் செயலி அமைப்பாளர்க்குத் தரும் அறிவுரை. இலக்கு சிறுத்தாலும் தொலைவு மிகுந்தாலும் அதனை அடையும் காலம் கூடும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் பால் ஃபிட்ஸ் 1954இலேயே விதியாக நிறுவினார். எனவே தட்டல் குறைந்தும் தவறான விசை படுவது மிகலாம். பெருவிரல் தடித்தவர்க்கும் கண் மங்கியவர்க்கும் இது பெரிய வேறுபாடு.

மனச்சுமை என்னும் அளவுகோலை வைத்தால் படம் மீண்டும் மாறுகிறது. அஞ்சலில் எழுதுவோர் தமிழில் நினைத்து, உரோம எழுத்தில் பெயர்த்து, தமிழில் சரிபார்க்கிறார். ந, ன, ண என்னும் மூன்றுக்கும், ல, ள, ழ என்னும் மூன்றுக்கும் எந்த எழுத்து, எந்த நிலை என்பதை நினைவில் வைக்க வேண்டும். தமிழ்99இல் அச்சுமை இல்லை. ஆனால் விசைகளின் இடத்தைக் கற்கச் சில நாட்கள் செல்லும். உரோம விசைமுகத்தில் மலாயும் ஆங்கிலமும் எழுதிப் பழகிய மலேசியத் தமிழ் மாணவர்க்கு அஞ்சல் முதல் நாளிலேயே கைவரும். கற்கும் எளிமையில் அஞ்சல் முந்துகிறது; பழகியபின் விரைவில் தமிழ்99 முந்தக்கூடும்.

ஆகவே ‘எது சிறந்தது?’ என்னும் வினா குறையுடையது. ‘யார்க்கு, எதற்கு, எத்தனை நாட் பழக்கத்தின்பின் சிறந்தது?’ என்று வினவினால் விடை கிடைக்கும். ஆராய்ச்சி தரும் முதற்பயன், வினாவைத் திருத்திக் கொள்ளுதலே ஆகும்.

சோதிக்கும் முறை

குற்றப் பட்டியலைக் கொண்டு அறிஞர் ஆராய்வது ஒரு வழி. பயனரையே செய்யவிட்டுக் காண்பது மற்றொரு வழி. முன்னது விரைவானது, பின்னது உறுதியானது. கற்றவர் கண்ணுக்குத் தவறாதது கல்லாதவர் கைக்குத் தடையாக நிற்பதுண்டு.

இரண்டாம் வழியில் பணியை வகுத்தல் முதற்படி. ‘மருத்துவமனைக்குச் செல்லும் நாளை அடுத்த வாரத்திற்கு மாற்றுக’, ‘கடைக்கு 12 ரிங்கிட் 50 சென் செலுத்துக’ என்பன போன்ற வாழ்வில் உள்ள பணிகளைத் தர வேண்டும். பொத்தானில் உள்ள சொல்லையே வினாவில் சொல்லிவிடல் ஆகாது. திரையில் ‘முன்பதிவு’ என்றிருந்தால், வினாவிலும் ‘முன்பதிவு’ என்று கூறுவது தேர்வில் விடையைச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்து, செய்யும்போது மனத்தில் எழுவதை வாய்விட்டுச் சொல்லுமாறு கேட்க வேண்டும். ‘இதை அழுத்தினால் காசு போய்விடுமோ?’ என்று ஒருவர் முணுமுணுக்கும் ஒரு சொல், பத்துப் பக்க வினாத்தாளைவிட மிகுதியாக உணர்த்தும். பார்ப்பவர் உதவுதல் கூடாது. முடித்தாரா, எத்தனை நிமிடம், எத்தனை பிழை, எங்கே தயங்கினார் என்று குறித்தல் மட்டுமே அவர் பணி. ஆசிரியர்க்கு இது கடினமான நோன்பு. தடுமாறுவோர்க்கு உதவ நீளும் கையை அடக்குவது எளிதன்று.

எத்தனை பேர் வேண்டும்? நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயனர் சராசரியாகக் குறைகளில் 31 விழுக்காட்டை வெளிப்படுத்துகிறார். அவ்வாறாயின் ஐவர் ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிக்கொணர்வர். பெரும் பொருட்செலவின்றியே ஆய்வு நிகழ்த்தலாம் என்னும் துணிவை இக்கணக்கு தந்தது. ஆனால் அந்த ஐவரும் ஒரே வகையினராயின், அவ்வகையினரின் குறைகளே தெரியும். கிள்ளானில் ஐந்து கல்லூரி மாணவரை வைத்துச் சோதித்துவிட்டு, தெங்கு கெலானா சாலையில் மாலை கட்டும் பெரியவர்க்கும் அது பொருந்தும் என்று முடிவு கட்டுதல் பிழை. மாணவர் ஐவர், கடைக்காரர் ஐவர், முதியோர் ஐவர் எனப் பிரித்துக் காண்பதே நேர்மை.

மனநிறைவை அளக்க ஜான் புரூக் என்னும் ஆங்கிலேயர் 1986இல் அமைத்த பத்துக் கூற்று வினாத்தாள் இன்றும் வழக்கில் உள்ளது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிட வேண்டும். ஒற்றைப்படைக் கூற்றுகள் பாராட்டுவன; அவற்றின் மதிப்பில் 1 கழிக்க வேண்டும். இரட்டைப்படைக் கூற்றுகள் குறை சொல்வன. அவற்றின் மதிப்பை 5இலிருந்து கழிக்க வேண்டும். அனைத்தையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 100க்கு மதிப்பெண் வரும். ஒருவர் பாராட்டும் கூற்று ஒவ்வொன்றுக்கும் 4, குறை கூறும் கூற்று ஒவ்வொன்றுக்கும் 2 இட்டால் மதிப்பெண் 75. பல ஆய்வுகளைத் தொகுத்ததில் சராசரி 68 அளவில் உள்ளது. அதனால் 75 நன்று எனக் கொள்ளலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். வந்தவர் மனம் நோகக் கூடாது என்று, ‘நன்றாகத்தான் இருக்கிறது’ எனச் சொல்லும் நாகரிகம் தமிழரிடத்து மிகுதி. பணியை முடிக்க இயலாமல் திணறியவரும் வினாத்தாளில் 5 இடுவார். ஆகவே வாய்ச்சொல்லைக் கைச்செயலோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

கிள்ளான் சூழலில் காணும் தடைகள்

பொது நெறிகள் எங்கும் ஒன்றே. தடைகளோ ஊருக்கு ஊர் வேறு. மலேசியத் தமிழர் பெயரையே எடுத்துக்கொண்டால் போதும். அடையாள அட்டையில் தந்தை பெயர்க்கு முன் ‘மகன்’ அல்லது ‘மகள்’ என்பதைக் குறிக்க ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்னும் சாய்கோட்டுக் குறிகள் இடப்படுகின்றன. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்துக் கேட்கும் படிவத்தில் எதை எங்கே இடுவது? குடும்பப்பெயர் இல்லாத மரபினர் தந்தையின் பெயரால் அழைக்கப்படுகின்றனர். சில படிவங்கள் சாய்கோட்டையே ஏற்பதில்லை; ‘பெயர் தவறானது’ என்று சிவப்பு எழுத்தில் காட்டுகின்றன. ஒருவர் பெயரைத் தவறென்று அவரிடமே கூறும் கருவி, வேலையைத் தடுப்பதோடு மனத்தையும் புண்படுத்துகிறது.

அடுத்தது சொல். திரையில் ‘கடவுச்சொல்’ என்றும் ‘உள்நுழைக’ என்றும் நல்ல தமிழில் எழுதியிருக்கும். ‘பாஸ்வர்ட்’ என்றே கேட்டுப் பழகிய முதியவர் அதன்முன் திகைப்பார். இதனால் நல்ல தமிழைக் கைவிட வேண்டுவதில்லை. சொல்லின் அருகே பூட்டின் படத்தை வைத்தாலும், கீழே ஒருவரி விளக்கம் தந்தாலும் தடை நீங்கும். சொல்லும் வழக்கிற்கு வரும். எந்தச் சொல் தானே விளங்கும், எதற்குத் துணை வேண்டும் என்பதைச் சோதனையால் அன்றி ஊகத்தால் அறிய இயலாது.

இடமும் ஒரு தடையாகும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச்சொல் பாதியில் அறுபட்டு நிற்கும். மேல்விலங்கும் கீழ்க்காலும் வெட்டுண்ட எழுத்து வேறெழுத்தாகத் தோன்றும். ‘அனுப்பு’ என்னும் ஒருமை ஏவல் சிறுவர்க்குப் பொருந்தலாம். பெரியவர்க்கு ‘அனுப்புக’ என்பதே இயைபு. மொழிபெயர்ப்பைப் பொறியிடம் விட்டு, படித்துப் பார்க்க ஒரு தமிழரையும் அழைக்காத செயலிகளில் இக்குறைகள் மலிந்து கிடக்கும்.

சூழலின் வலிமையை மலேசியர் அனைவரும் உணர்ந்த காலம் ஒன்றுண்டு. கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில் ‘மைசெஜாத்திரா’ செயலி அறிமுகமாயிற்று. கடைவாயிலில் ஒட்டிய கியூஆர் குறியீட்டைப் படம்பிடித்து வருகையைப் பதிவது பின்னர் அன்றாடக் கடமையாகி, 2022 மே முதல் நாள் விலக்கப்பட்டது. வெயில் பட்டு மங்கிய திரை, முகக்கவசத்தால் முகத்தை அறியாத கைப்பேசி, ஒரு கையில் காய்கறிப் பை, பின்னால் நீளும் வரிசை ஆகியவற்றின் நடுவே அப்பணி நடைபெற்றது. கைப்பேசி இல்லாத முதியவர்க்காகக் குடும்பத்தினர் பதிவு செய்யும் வசதியும் தேவையாயிற்று. கைப்பேசியை ஏந்தியவர் மட்டும் பயனராகார். அவரை நம்பி நிற்பவரும் பயனரே என்னும் பாடத்தை அக்காலம் தந்தது.

தமிழாசிரியர் செய்யத்தக்கது

இவ்வாராய்ச்சியில் தமிழுக்குரிய பங்கு யாது? தமிழ் முகப்பு உள்ள செயலி ஒன்று தடுமாற்றம் தந்தால், பயனர் குறை கூறிக் கடிதம் எழுதுவதில்லை. ஓசையின்றி மலாய்க்கோ ஆங்கிலத்திற்கோ மாறிவிடுகிறார். தமிழைத் தேர்ந்தோர் தொகை குறைகிறது. அத்தொகையைக் காணும் நிறுவனம், ‘தமிழுக்குத் தேவை இல்லை’ என்று முடிவு செய்து அம்முகப்பைக் கவனியாது விடுகிறது. குறை மேலும் பெருகுகிறது. அமைப்பின் குற்றம் மொழியின் குற்றமாக எண்ணப்படும் இவ்வட்டத்தை உடைக்கும் கருவி ஆதாரமுள்ள மதிப்பீடே. ‘தமிழ் வேண்டும்’ என்னும் முழக்கத்தோடு, ‘இப்பணியை முடிக்கத் தமிழ் முகப்பில் இத்தனை நிமிடம், ஆங்கில முகப்பில் இத்தனை நிமிடம், தடை இந்தப் பொத்தானில் உள்ளது’ என்னும் குறிப்பையும் சேர்த்து அனுப்பினால் எந்த நிறுவனமும் புறக்கணிப்பது அரிது.

மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒரு கைப்பேசி, ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு, மூன்று பணிகள், ஐந்து பயனர். இவை இருந்தால் ஒரு பிற்பகலில் ஒரு செயலியைச் சோதித்துவிடலாம். மாணவர் தம் பாட்டன் பாட்டியரைப் பயனராகக் கொள்ளலாம். எந்தச் சொல்லில் அவர்கள் நின்றனர், எதை எதுவென்று மயங்கினர் என்பதைக் குறித்து வந்து வகுப்பில் ஆராயலாம். அதன்பின் அத்திரையின் வாசகத்தைத் திருத்தி எழுதுவது, சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்னும் அழகுகளைப் பயிற்றும் சிறந்த கட்டுரைப் பயிற்சியாகும்.

நூலின் குற்றம் களைதல் புலவர் கடனாக இருந்த மொழி இது. இன்று மக்கள் நாள்தோறும் மிகுதியாகப் படிக்கும் தமிழ், கைப்பேசித் திரையில் இரண்டு மூன்று சொற்களாகத் தோன்றும் தமிழ். அதனைப் படித்து, அளந்து, திருத்தும் கடனும் தமிழறிந்தோரையே சாரும்.